எந்த வருடத்துக்குத் திரும்புவது? டூசன்பெர்க் திறந்த கார்களும் புதுப்பித்தல் என்னும் முடிவும்

ஒரு பழைய காரைப் பற்றி ஏலப் பட்டியலில் ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் நம் கண் நேராகப் போவது பெயின்டின் பளபளப்புக்கும் குரோம் முலாமுக்கும்தான். 1930களின் அமெரிக்க ஆடம்பரக் காரான டூசன்பெர்க் மாடல் ஜேயின் திறந்த வகைகளில் அதெல்லாம் கடைசியாகப் பார்க்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் காரை அதன் வாழ்க்கையின் எந்த வருடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறார்கள்? ஆலையை விட்டு வெளியே வந்த நாளுக்கா, இரண்டாவது உரிமையாளர் பாடியை மாற்றிய வருடத்துக்கா, அல்லது எந்த நாளிலும் இருந்திராத ஒரு கற்பனைத் தோற்றத்துக்கா?

மற்ற கார்களில் இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலாக எழாது. ஃபோர்டு மாடல் ஏ என்றால் ஆலையில் எப்படி வந்தது என்று ஒரு பதில் இருக்கிறது. லட்சக்கணக்கான வண்டிகள் அதே மாதிரி வந்தன. டூசன்பெர்க் அப்படியில்லை. இண்டியானாபொலிஸ் நகரத்தில் இருந்த அந்த ஆலையிலிருந்து வெளியே வந்தது சேசிஸ் என்னும் அடிச்சட்டம், இன்ஜின், ரேடியேட்டர், மட்கார்டு, விளக்குகள், டேஷ்போர்டு. பாடி வேறு ஊரில், வேறு பட்டறையில் கட்டப்பட்டது. கம்பெனியிலிருந்து பஸ் சேசிஸை வாங்கிக் கரூருக்கு ஓட்டிப்போய் பாடி கட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். ஆகவே ஒரு டூசன்பெர்க் பிறக்கும்போதே இரண்டு பிறப்பிடங்களோடு பிறந்தது. கழற்றி மாற்றக்கூடிய பாடி என்றால், பிற்பாடு யாராவது கழற்றி மாற்றத்தான் செய்வார்கள். மாற்றினார்கள், நிறையவே மாற்றினார்கள்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன், இந்த சேசிஸில் அப்படி என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம். ஃபிரெட் டூசன்பெர்க், ஆகஸ்ட் டூசன்பெர்க் என்ற சகோதரர்கள் ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குடியேறியவர்கள். ஃபிரெட் கல்லூரியில் பொறியியல் படித்தவர் இல்லை. சைக்கிளில் தொடங்கி, பந்தய இன்ஜினுக்குப் போய், கையால் தொட்டுத் தொட்டு வேலையைக் கற்றவர். 1921இல் லெ மான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீயில் ஜிம்மி மர்ஃபி ஓட்டிய டூசன்பெர்க் முதலிடம் பிடித்தது. அமெரிக்க ஓட்டுநர், அமெரிக்க கார் என்ற சேர்க்கைக்கு அதுதான் அங்கே முதல் வெற்றி. இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தை 1924, 1925, 1927 ஆகிய மூன்று வருடங்களில் டூசன்பெர்க் கார்கள் வென்றன. பந்தயத்தில் இப்படிப் பெயர் வாங்கியவர்களுக்கு வியாபாரம் மட்டும் கைவரவில்லை. அவர்களுடைய முதல் சாலை கார், நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக், வரிசையாக எட்டு சிலிண்டர் என்று காலத்துக்கு முந்திப் போயிருந்தது. ஆனால் விற்பனை மந்தம்.

1926இல் எரெட் லாபன் கார்டு என்ற தொழிலதிபர் நிறுவனத்தை வாங்கினார். ஆபர்ன் கார்களை விற்று மேலே வந்தவர். அவர் ஃபிரெட்டிடம் கேட்டது ஒன்றுதான்: அமெரிக்காவிலேயே பெரிய, வேகமான, சிறந்த கார். 1928 டிசம்பர் 1ஆம் தேதி நியூயார்க் கார் கண்காட்சியில் மாடல் ஜே வெளிவந்தது.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வரிசையாக எட்டு சிலிண்டர், 420 கன அங்குலம், அதாவது சுமார் 6.9 லிட்டர். சிலிண்டர்களின் தலைக்கு மேல் வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம்ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் 32 வால்வு. இன்று ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கில்கூட இந்த அமைப்பு இருப்பதால் நமக்கு வியப்பாக இருக்காது. 1928இல் இதைப் பந்தய கார்களில் மட்டுமே பார்க்க முடியும். நிறுவனம் அறிவித்த சக்தி 265 குதிரைத்திறன். அதே சமயத்தில் ஃபோர்டு மாடல் ஏ 40 குதிரைத்திறனோடு ஓடிக்கொண்டிருந்தது. 1930இல் காடிலாக் 16 சிலிண்டர் இன்ஜினையே கொண்டு வந்தது. அதுவும் டூசன்பெர்க்கின் எட்டைத் தொட முடியவில்லை. 265 என்பது நிறுவனம் விளம்பரத்தில் சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்துப் போட்டாலும், போட்டியாளர்கள் வெகு தூரம் பின்னால்தான் நின்றார்கள்.

ஃபிரெட் இதை எப்படிச் சாதித்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவு. சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் இன்ஜின் தட்டத் தொடங்கிவிடும். அதனால் அழுத்த விகிதம் 5.2க்கு 1 என்ற தாழ்ந்த அளவிலேயே நின்றது. அந்த வழி அடைபட்டதால் ஃபிரெட் இன்ஜினின் மூச்சைத் திறந்துவிட்டார். நான்கு வால்வுகள் வழியாகக் காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போகும், புகை தாராளமாக வெளியேறும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்று வரை மூச்சுத் திணறாமல் போனது. அந்த அளவு பெரிய இன்ஜின் அந்த வேகத்தில் சுற்றும்போது கிராங்க்ஷாஃப்ட் என்னும் நீண்ட சுழல் தண்டு முறுகி அதிரும். அதை அடக்க, கிராங்க்ஷாஃப்டிலேயே பாதரசம் நிரப்பிய இரண்டு குப்பிகளைப் பொருத்தினார். குப்பி முழுவதையும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். தண்டு அதிரும்போது பாதரசம் உள்ளே அலைந்து அந்த அதிர்வை விழுங்கிக்கொள்ளும். இன்றைக்கு இந்த இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் மெக்கானிக்குகள் அந்தக் குப்பிகளைத் தனி மரியாதையோடுதான் கையாள்கிறார்கள்.

இன்ஜினை வடிவமைத்தது ஃபிரெட். தயாரித்தது பென்சில்வேனியாவில் கார்டின் கட்டுப்பாட்டில் இருந்த லைகாமிங் நிறுவனம். பளிச்சென்ற பச்சை எனாமல் பூசி வந்தது. இன்று பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும் அந்தப் பச்சை, பின்னால் யாரோ அழகுக்குப் பூசியது என்று நினைக்க வேண்டாம். ஆலை கொடுத்த நிறம் அதுதான்.

இரண்டாவது கியரில் மணிக்கு 150 கிலோமீட்டர், மேல் கியரில் 190 வரை என்று நிறுவனம் சொன்னது. நிறுத்துவதற்கு ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. சீக்கிரமே அதற்கு வெற்றிட உதவியும் சேர்ந்தது. டேஷ்போர்டில் ஒரு நெம்புகோல். காய்ந்த சாலை, மழை, பனிப்பொழிவு, உறைபனி என்று நான்கு நிலைகள். சாலைக்கு ஏற்றபடி அதைத் திருப்பினால் பிரேக் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பது மாறும். உயரமானி, ஸ்டாப்வாட்ச் எல்லாம் டேஷ்போர்டிலேயே இருந்தன. இவற்றோடு ஒரு பற்சக்கரப் பெட்டியும் உண்டு. சுமார் 120 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சேசிஸின் மூட்டுகளுக்குத் தானாக எண்ணெய் விடும். 700 மைல் ஆனால் இன்ஜின் ஆயிலை மாற்றச் சொல்லி ஒரு விளக்கு எரியும், 1,400 மைல் ஆனால் பேட்டரியைப் பார்க்கச் சொல்லி இன்னொரு விளக்கு. மின்னணு என்ற பேச்சே இல்லாத நாளில், வெறும் பற்சக்கரங்களால் செய்த வேலை இது. புதுப்பிக்கும்போது இந்தப் பெட்டியை வேலை செய்ய வைக்காமல் அழகுக்கு மட்டும் விட்டுவிடுபவர்கள் உண்டு. அதை நான் பாதிப் புதுப்பித்தல் என்றே சொல்வேன்.

சேசிஸின் விலை மட்டும் 8,500 டாலர். பிற்பாடு 9,500. பாடி கட்டி முடித்தால் 13,000 முதல் 20,000 வரை. ஃபோர்டு ஒன்றை ஐந்நூறு டாலருக்குள் வாங்கிய காலம் அது. ஆண்டுக்கு 500 கார் என்பது ஆரம்பத் திட்டம். பத்து மாதங்களில் 1929 அக்டோபர் பங்குச் சந்தை சரிவு வந்துவிட்டது. கடைசியில் 1937 வரைக்கும் சேர்த்தே 480 சொச்சம் மாடல் ஜே கார்கள்தான் உருவாயின.

சரி, இப்போது பாடிக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் பாசடினா நகரின் மர்ஃபி பட்டறைதான் மற்ற எல்லாரையும் விட அதிகமாக மாடல் ஜே பாடிகளைக் கட்டியது. நியூயார்க்கின் ரோல்ஸ்டன், பென்சில்வேனியாவின் டெர்ஹாம், லெபரான், வில்லோபி, ஜட்கின்ஸ் என்று மற்றவர்களும் உண்டு. நிறுவனத்துக்குள் கார்டன் பியூரிக் என்ற இளைஞர் வடிவமைப்பைக் கவனித்தார். பின்னாளில் கார்டு 810 காரை வரைந்தவர் அவர்தான்.

திறந்த கார் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் வித்தியாசங்கள் முக்கியம், விலையும் அதைப் பொறுத்தே மாறும். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இருந்து, துணிக் கூரையை மடக்க முடிந்தால் அது கன்வர்ட்டிபிள். இரண்டு கதவோடு கூபே, நான்கு கதவோடு செடான். பக்கக் கண்ணாடியே இல்லாமல், மழை வந்தால் திரை மாட்டிக்கொள்ளும் நான்கு பேர் வண்டி ஃபேட்டன். பின் இருக்கைக்கு முன்னால் இன்னொரு தடுப்பும் இன்னொரு கண்ணாடியும் இருந்தால் இரட்டைத் தடுப்பு ஃபேட்டன். மர்ஃபியின் கன்வர்ட்டிபிள் கூபேக்களில் ஒரு வகையில், கூரையை மடக்கி இருக்கைக்குப் பின்னால் ஓர் உலோக மூடிக்கு அடியில் முழுக்க ஒளித்துவிடலாம். கூரை என்று ஒன்று இருந்த தடயமே தெரியாது. முன் கண்ணாடியின் தூண்களை மர்ஃபி மிக மெல்லியதாக வைத்தார்கள். ஓட்டுபவரின் பார்வையை மறைக்காது, பார்ப்பவருக்கும் கார் இன்னும் தாழ்வாகத் தெரியும். அத்தனை நீளமான கார் பக்கவாட்டில் இவ்வளவு எளிமையாக இருப்பதற்கு அந்த மெல்லிய தூண்களும் ஒளியும் கூரையும்தான் காரணம். மாடல் ஜே பாடிகளில் என் விருப்பம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

1932இல் சூப்பர்சார்ஜர் பொருத்திய வகை வந்தது. பின்னாளில் எல்லாரும் அதை எஸ்ஜே என்று அழைத்தார்கள். 320 குதிரைத்திறன். இன்ஜினைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழலும் விசிறி ஒன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். மையவிலக்கு வகை விசிறி என்பதால் மெதுவாகப் போகும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. சுற்று ஏற ஏறத்தான் முழு வலுவும் வரும். இந்தக் கருவி பானெட்டுக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் புகைக் குழாய்களைப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. குரோம் பூசிய, வளையும் அந்தக் குழாய்கள் டூசன்பெர்க்கின் அடையாளமாகவே ஆகிவிட்டன. மக்களுக்குப் பிடித்துப்போனதால், சூப்பர்சார்ஜர் இல்லாத கார்களிலும் அவற்றைப் பொருத்திக்கொண்டார்கள். அதனால் வெளியே குழாய் தெரிகிறது என்பதை வைத்து ஒரு கார் எஸ்ஜே என்று முடிவு கட்ட முடியாது. ஆலையில் பொருத்தப்பட்ட அசல் எஸ்ஜே முப்பத்தைந்து, முப்பத்தாறு என்ற அளவில்தான் இருந்தன. பின்னாளில் அசலைப் போலவே சூப்பர்சார்ஜர்களைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியதும் ஊர்வலங்களில் எஸ்ஜே எண்ணிக்கை கூடிவிட்டது.

எஸ்ஜே வந்த அதே வருடம் ஃபிரெட் இறந்தார். பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் அருகே மலைச் சாலையில் ஜூலை தொடக்கத்தில் அவர் ஓட்டிவந்த கார் விபத்துக்குள்ளானது. தேறிவருவது போல இருந்தவருக்கு நிமோனியா கண்டு ஜூலை 26ஆம் தேதி உயிர் போனது. பொறியியல் பொறுப்பை ஆகஸ்ட் ஏற்றார். 1935இல் ஆப் ஜென்கின்ஸ் என்ற ஓட்டுநர் யூட்டாவின் பான்வில் உப்புவெளியில், ஆகஸ்ட் தயார்செய்த டூசன்பெர்க்கை 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 135.47 மைல் வேகத்தில் ஓட்டினார். ஒரே நாளில் 5,200 கிலோமீட்டருக்கு மேல். இன்ஜினின் அடிப்படை ஏழு வருடப் பழையது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஆனால் சாதனைகள் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. 1937இல் கார்டின் சாம்ராஜ்யம் சரிந்தபோது டூசன்பெர்க்கும் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு வந்த இருபது வருடங்களில்தான் இன்றைய குழப்பமெல்லாம் உருவானது. 1940களில் ஒரு டூசன்பெர்க் என்பது பெட்ரோல் குடிக்கும், பார்க்கிங்கில் அடங்காத, பார்க்கப் பழசாகிப்போன ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி. சில நூறு டாலருக்குக் கைமாறின. உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்பு திரட்டும் இயக்கம் நடந்தது. பெரிய கார்கள் பல அதில் போயின. மிஞ்சியவற்றை வாங்கிச் சேர்த்தவர்கள் இளம் மெக்கானிக்குகளும் சில பழைய கார் வியாபாரிகளும்தான். அவர்கள் கண்ணில் செடானும் லிமோசினும் விலைபோகாத சரக்கு. திறந்த பாடி இருந்தால் வாங்க ஆள் இருந்தது. விபத்தில் சேசிஸ் வளைந்த ஒரு கன்வர்ட்டிபிளின் பாடியைக் கழற்றி, நல்ல சேசிஸில் இருந்த லிமோசின் பாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் மேல் வைத்தார்கள். இன்ஜின் கெட்டுப்போனால் கிடைத்த வேறு டூசன்பெர்க் இன்ஜினை வைத்தார்கள்.

இதைக் கேட்கும்போது கோபம் வரும். எனக்கும் அந்த லிமோசின் பாடிகளை நினைத்தால் மனம் ஆறாது. வில்லோபியும் ஜட்கின்ஸும் கையால் கட்டிய மரவேலை, உள்ளலங்காரம் எல்லாம் குப்பைக்குப் போனது சாதாரண இழப்பு இல்லை. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த மெக்கானிக்குகள் அப்படி ஒட்டவைத்து ஓட்டியிருக்காவிட்டால் அந்த சேசிஸ்களும் சேர்ந்து உருக்காலைக்குத்தான் போயிருக்கும். உருவான 480 சொச்சத்தில் பெரும்பங்கு இன்றும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. 1930களின் வேறு எந்தப் பெரிய அமெரிக்கக் காருக்கும் இப்படிப்பட்ட பிழைப்பு விகிதம் வாய்ப்பது அரிது. அதற்கு அவர்களே காரணம்.

குழப்பத்தைத் தீர்க்க வழி எண்களில் இருக்கிறது. ஒவ்வொரு மாடல் ஜே சேசிஸிலும் 2இல் தொடங்கும் நான்கு இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். இன்ஜினில் ஜே என்ற எழுத்தோடு மூன்று இலக்க எண். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் உறையிலும் எண் உண்டு. இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையில் உள்ள தடுப்புத் தகட்டில் ஆலையின் பெயர்ப்பலகை. பாடி கட்டிய பட்டறை தன் பங்குக்கு மரச்சட்டத்திலோ உலோகத்திலோ ஓர் எண்ணைப் பொறித்திருக்கும். இவை எல்லாம் ஆலைப் பதிவோடு ஒத்துப்போனால் அது பிறந்தபடியே இருக்கும் கார். 1952இல் தொடங்கிய ஆபர்ன் கார்டு டூசன்பெர்க் சங்கம் இந்த எண்களைச் சோதித்துத் தரம் பிரித்துச் சான்று கொடுக்கிறது. முதல் தரம் என்பது சேசிஸ், இன்ஜின், பாடி மூன்றும் ஆரம்பத்தில் சேர்ந்திருந்தபடியே இருப்பது. ஏலத்தில் இந்தச் சான்றின் ஒரு வரி, பெயின்டுக்குச் செலவழித்த லட்சங்களைவிட அதிகம் பேசும்.

புதுப்பிக்கும் வேலை உண்மையில் எங்கே கடினம்? பலரும் இன்ஜின் என்பார்கள். இன்ஜின் கடினம்தான், ஆனால் அதற்கு வரைபடம் இருக்கிறது, அளவு இருக்கிறது. புதிதாக பிஸ்டன் செய்யலாம், பேரிங் வார்க்கலாம், விரிசல் விட்ட இரும்பைத் தைக்கலாம். பாடி அப்படியில்லை. உள்ளே ஆஷ் மரத்தில் எலும்புக்கூடு, அதன் மேல் அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஆணியும் இரும்புப் பட்டையும் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். துணிக் கூரை வழியாக ஒழுகிய தண்ணீர் கதவுத் தூணின் அடியில் தேங்கி மரத்தை மக்கவைக்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

திறந்த காரில் இது இன்னும் பெரிய பிரச்சினை. மூடிய காரில் கூரை ஒரு பாலம் மாதிரி இரு பக்கங்களையும் பிடித்துக்கொள்கிறது. திறந்த காரில் முறுக்கத்தைத் தாங்க சேசிஸை விட்டால் கதி இல்லை. டூசன்பெர்க்கின் சட்டம் 8.5 அங்குல ஆழமுள்ள எஃகு, குறுக்கே பல பட்டைகள். அந்தக் காலத்தில் இதைவிட விறைப்பான சட்டம் கிடைப்பது கடினம். இருந்தும் இரண்டு டனுக்கு மேல் எடையுள்ள கார் குழியில் இறங்கும்போது பாடியின் மர இணைப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதனால் நல்ல பட்டறைகளில் மரத்தைப் பகுதி பகுதியாக, பழைய துண்டையே அச்சாக வைத்துச் செதுக்கி மாற்றுகிறார்கள். கதவின் இடைவெளியைச் சரிபார்ப்பது காரைத் தூக்கி நிறுத்தி அல்ல. முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான். மர்ஃபியின் மெல்லிய கண்ணாடித் தூண் ஒன்று சில மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கூரைத் துணி சரியாக உட்காராது. இந்தப் பொறுமையான வேலைதான் பணத்தையும் வருடங்களையும் விழுங்குகிறது. பெயின்ட் அடிக்கிற நாள் வரும்போது கஷ்டமெல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயின்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930களில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பல தடவை அடித்து, தேய்த்து மெருகேற்றினால் ஆழமான, மென்மையான பளபளப்பு வரும். இப்போது பலர் நவீன தெளிபூச்சை மேலே அடித்துக் கண்ணாடி போலாக்குகிறார்கள். ஆலையில் முலாம் பூசாமல் விட்ட போல்ட்டுக்கும் குரோம் போடுகிறார்கள். இப்படி அளவுக்கு மீறிப் புதுப்பித்த கார் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடக்கும் பழைய கார் அழகுப் போட்டியின் புல்வெளியில் ஒரு காலத்தில் பரிசு வாங்கியது. இப்போது நடுவர்களின் கண் மாறியிருக்கிறது; கை வைக்காமல் பாதுகாக்கப்பட்ட கார்களுக்குத் தனிப் பிரிவும் வந்துவிட்டது. இந்த மாற்றம் நல்லது. எண்பது, தொண்ணூறு வருடத் தோலை உரித்து எடுத்த பின் அது திரும்பக் கிடைக்காது.

எந்த வருடத்துக்குத் திருப்புவது என்ற கேள்விக்கு வெவ்வேறு கார்கள் வெவ்வேறு பதிலைத் தருகின்றன. நடிகர் கிளார்க் கேபிளிடம் மாடல் ஜேயின் ஜேஎன் என்ற வகையில் 1935ஆம் வருட கன்வர்ட்டிபிள் கூபே ஒன்று இருந்தது. பாடி ரோல்ஸ்டன் கட்டியது. கேபிள் அதைக் கலிபோர்னியாவின் போமன் அண்ட் ஷ்வார்ட்ஸ் பட்டறைக்கு அனுப்பித் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டார். மர்ஃபி மூடப்பட்ட பிறகு அங்கிருந்த கைவினைஞர்கள் தொடங்கிய பட்டறை அது. இந்தக் காரை ரோல்ஸ்டன் விட்ட நிலைக்குத் திருப்பினால், ஆலையை விட்டு வந்தபடி இருக்கும். ஆனால் எதற்காக அந்தக் காரை நினைவில் வைத்திருக்கிறோமோ அது அழிந்துபோகும். கேபிளின் வடிவத்தையே வைத்திருப்பதுதான் சரி. இங்கே மாற்றமும் அசலின் ஒரு பகுதி, ஏனென்றால் அது காரின் இளமைக் காலத்திலேயே, தேர்ந்த கைகளால் நடந்தது.

ஜென்கின்ஸின் சாதனை கார் வேறு விதம். 1935க்குப் பிறகு அதில் கர்ட்டிஸ் விமான இன்ஜினைப் பொருத்தி மேலும் சாதனைகள் செய்தார்கள். அப்புறம் டூசன்பெர்க் இன்ஜினோடு, விளக்குகளும் மட்கார்டும் மாட்டி, சாலையில் ஓடும் காராக அது பல வருடங்கள் வாழ்ந்தது. புதுப்பித்தவர்கள் தேர்ந்தெடுத்தது உப்புவெளிச் சாதனைத் தோற்றத்தை. 2007இல் பெபிள் பீச்சில் அது முதல் பரிசு பெற்றது. சாலைக் காராக வாழ்ந்த காலம் நீளமானதாக இருந்தாலும், அந்தக் காரை உருவாக்கிய நோக்கம் அந்த 24 மணி நேரம். அந்தத் தேர்வை நான் ஏற்கிறேன்.

வேறு இரண்டு கார்களின் கதை எளிது, அதனால்தான் விலை உச்சம். 1935இல் 125 அங்குலமாகக் குறுக்கிய சேசிஸில், 400 குதிரைத்திறன் என்று சொல்லப்பட்ட இன்ஜினோடு, இரண்டே இரண்டு திறந்த கார்களைக் கட்டினார்கள். எஸ்எஸ்ஜே என்று பெயர். ஒன்று நடிகர் கேரி கூப்பரிடம் போனது, மற்றொன்று கிளார்க் கேபிளிடம். கூப்பரின் கார் 2018இல் பெபிள் பீச் ஏலத்தில் 2.2 கோடி டாலருக்குப் போயிற்று. போருக்கு முந்தைய அமெரிக்க கார் எதுவும் அதற்கு முன் ஏலத்தில் அவ்வளவுக்குப் போனதில்லை. கைமாறிய ஒவ்வொரு படியும் தெரிந்த கார் அது. யாரும் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கும் ஒரு டூசன்பெர்க் தொடர்பு உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் வாங்கிய எஸ்ஜே, ஜே-585 என்ற இன்ஜின் எண் கொண்டது. பாடி கட்டியது லண்டனின் கர்னி நட்டிங். நிறுவனத்தின் கடைசி வருடங்களில் பிறந்த, மிக நீளமான திறந்த கார். இண்டியானாபொலிஸில் சேசிஸ், லண்டனில் பாடி, இந்தூர் அரசருக்குச் சொந்தம். இப்படிப்பட்ட காரில் எந்தப் பகுதி அசல் என்று கேட்டால், மூன்று இடங்களின் காகிதங்களையும் தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஓட்டுவதைப் பற்றி. மர்ஃபி கன்வர்ட்டிபிள் கூபே ஒன்று நல்ல நிலையில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. இவ்வளவு விலை கொடுத்தவர் அதை டிரெய்லரில் ஏற்றி இறக்கி, புல்வெளியில் நிறுத்தி வைப்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பந்தயப் பாதையில் சேசிஸை ஓட்டிச் சோதித்து அனுப்பிய நிறுவனத்தின் காருக்கு அது பொருந்தாது. ஓடாமல் நிற்கும் இன்ஜினில் சீல் காயும், பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும், பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாக உறையும். பெபிள் பீச்சில் போட்டிக்கு முன்பு கடற்கரைச் சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் நடத்துகிறார்கள். ஒரு பிரிவில் இரண்டு கார்கள் சம மதிப்பெண் பெற்றால், அந்த ஓட்டத்தை முடித்த காருக்கே பரிசு.